ஒரே தார்ப்பாய்க்குள் இரு மாநிலத்து நெல்

ஒரே நாற்றங்காலில் வளர்ந்து, ஒரே களத்தில் உலர்ந்து, ஒரே மழையில் நனைந்த நெல்லில் எந்த மணி கேரளத்துடையது, எந்த மணி தமிழ்நாட்டுடையது? கோபாலபுரத்துக்கு அருகே எங்கள் களத்தில் இந்தக் கேள்விக்கு அம்மா பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அம்மாவின் வயல் எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில்; அவருடைய தம்பியான என் மாமாவின் வயல் அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். பாகப்பிரிவினையில் வயல்கள்தான் பிரிந்தன, களம் பொதுவாகவே இருந்தது. அறுவடையானதும் மாமாவின் நெல்லும் டிராக்டரில் எங்கள் களத்துக்கு வந்துவிடும். கிழக்குப் பாதி அவருக்கு, மேற்குப் பாதி எங்களுக்கு. காய்ந்தபின் அவரவர் நெல்லை அவரவர் மாநிலத்தில் விற்போம்.

கேரள அரசு ஆதரவு விலைக்கு மேல் ஊக்கத்தொகையும் தருவதால் இந்தப் பக்கம் விலை கூடுதல். அதற்காகவே வியாபாரிகள் அந்தப் பக்கத்து நெல்லை லாரியில் கொண்டுவந்து இங்குள்ளவர்களின் பெயரில் தள்ளிவிட்டார்கள். எங்களுக்கு வரவேண்டிய பணம் இதனால்தான் தள்ளிப்போகிறது என்று வயல்காரர்களின் பாடசேகர சமிதியில் எழுந்து பேசியவர் அம்மா. களம் களமாக வந்து பார்க்கும் சோதனை அதன்பிறகு வந்ததுதான்.

ஒன்றாம் போகத்து நெல் காய்ந்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில் மழை இறங்கியது. மழை வந்தால் எல்லா நெல்லையும் நடுவில் தள்ளிக் குவித்து, ஒரே தார்ப்பாயால் மூடிவிட்டு, பிறகு மூட்டைக் கணக்கில் பிரித்துக்கொள்வது எங்கள் வழக்கம். அன்றும் யோசிக்காமல் அப்படியே செய்தோம்.

மறுநாள் காலை கொள்முதல் அலுவலர் வந்தார். சிறு வயதுப் பெண். அன்றைக்கு அவர் பார்க்கவேண்டிய களங்கள் இன்னும் நிறைய இருந்தன. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

"அம்மே, இது முழுக்க உங்க நெல்லுதானே? ஆமான்னு ஒரு வாக்கு சொன்னா மதி, அது போதும், நான் எடுத்துக்கலாம்."

மாமா முந்திக்கொண்டார். "முழுசும் அக்காளுதுதானுங்க. நான் ஒத்தாசைக்கு வந்தவனுங்க."

"அப்ப உன்ற நெல்லு எங்கடா? எலி தின்னுருச்சா?" என்றார் அம்மா.

அலுவலருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாமா மட்டும் பல்லைக் கடித்தார். "அக்கா, செத்த சும்மா இரு. மழ மறுக்கா வருது பாரு."

அம்மா அலுவலரிடம் திரும்பினார். "மேடம், ரெண்டு பேருதும் கலந்துதானுங்க கெடக்குது. லாரிக்காரனக் கடத்தறான்னு பேசுன வாயிலயே இதையும் நான் எப்படிங்க சொல்றது? பாதிய மட்டும் எடுத்துக்குங்க."

"பாதி எடுத்தா அதிலயும் ரெண்டும் இருக்குமே, அம்மே."

அவர் சொன்னதில் தவறில்லை. இங்கே விதி தளர்ந்தால் அடுத்த களத்திலும் தளரும். பிறகு லாரிகள் வரும். காத்திருப்போரின் காத்திருப்பு நீளும். எனக்கு அது புரிந்தது. தார்ப்பாய்க்குள் கையை விட்டபோது நெல் சூடாக இருந்ததும் தெரிந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டால் முளை கட்டிவிடும். அந்தப் பக்கத்துக் கொள்முதல் நிலையமும் கேரளத்து நெல் கலந்த குவியலை ஏற்காது. அலுவலர் எதையும் எடுக்காமல் அடுத்த களத்துக்குக் கிளம்பினார்.

அன்று மாலையே பொள்ளாச்சி வியாபாரியின் லாரி வந்தது. ஈர நெல் என்று சொல்லி அவர் வைத்ததுதான் விலை. மூட்டை தூக்கும்போது மாமா அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு போகம் முழுவதும் இருவரும் உழைத்தது ஒரே லாரியில் ஏறிப் போனது. களத்தைக் கூட்டிவிட்டு வந்த அம்மா, சாப்பாடு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார்.

அடுத்த போகத்தில் மாமா தன் வயலோரம் சிமெண்டுக் களம் போட்டுக்கொண்டார். எங்கள் நெல்லை அரசு எடுத்துக்கொண்டது. களத்தின் கிழக்குப் பாதியில் இப்போது யாரும் நெல் காயப்போடுவதில்லை.