ஒரே சங்கில் ஊற்றிய பால்

கீழ்வேளூர்ப் பக்கம் கூலிக்காரர் தெருவில் இருந்த கண்ணாத்தாளின் வாய்க்கு மிராசுதாரே பயப்படுவார். எழுபத்தொன்பதாம் வருஷம் கூலி உயர்வு கேட்டு நடவை நிறுத்தியபோது, யாரையும் வயலில் இறங்கவிடாமல் வரப்பில் குறுக்கே படுத்தவள் அவள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த வேம்பு அப்போது மூன்று மாதக் கைக்குழந்தை. அவளுக்கு அதுதான் உயிர்.

அந்தச் சமயம் பார்த்து நர்ஸ் ஆனந்தவல்லி கக்குவான் இருமலுக்கான தடுப்பூசி போட வந்தாள். பஸ் இல்லாத ஊர். வந்தது மிராசுதார் ஜீப்பில். கண்ணாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவன் வண்டியில வந்த ஊசி எங்க புள்ளைங்களுக்கு வேணாம். கெளம்புங்க."

தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. கூலி கேட்டது நியாயம். ஊசி என்ன பாவம் செய்தது?

ஒன்றரை மாதம் கழித்துக் கக்குவான் வந்தது. எதிர்வீட்டு வைரக்கண்ணுவின் மகன் மூச்சுவிடாமல் இருமி, கடைசியில் 'கூ'வென்று இழுத்து, குடித்த கஞ்சியைக் கக்கினான். கண்ணாத்தாளே போய்க் கழுதைப்பால் விற்கும் பக்கிரியைக் கூட்டிவந்தாள். இருமுகிற பிள்ளை, இருமாத பிள்ளை எல்லாம் ஒரே வரிசை, ஒரே சங்கு. வைரக்கண்ணு மகனுக்கு அடுத்தது வேம்பு. அவன் இருமியது குழந்தை முகத்தில் தெறித்தது.

"முன்னாடியே குடிச்சிட்டா அண்டாது" என்று துடைத்துவிட்டுப் பாலைப் புகட்டினாள்.

பத்தாம் நாள் வேம்புக்கு மூக்கு ஒழுகியது. அப்புறம் லேசான இருமல். 'கூ' சத்தம் இல்லையே, வெறும் சளிதான் என்று இருந்துவிட்டாள். ஒரு வாரத்தில் குழந்தையின் உதடு நீலம் பூத்தது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஆனந்தவல்லி வாங்கிப் பார்த்தபோது மூச்சு நின்றிருந்தது.

"கைக்குழந்தைக்கு அந்தச் சத்தம் வராதும்மா, மூச்சுதான் நிக்கும். மூக்கு ஒழுகுனப்பவே கொண்டாந்திருந்தா மருந்து கேட்டிருக்கும். இருமுற புள்ளைங்ககிட்ட விட்டீங்களா?"

"நாந்தாங்க கழுதப்பாலு வரிசையில கொண்டுபோயி நிறுத்துனேன்."

ஆனந்தவல்லி திட்டவில்லை. மருந்துப் புட்டிகளைப் பையில் போட்டு அளவு சொன்னாள். "வரிசையில நின்ன அத்தனை புள்ளைக்கும் இன்னைக்கே குடுக்கணும். இருமாததுக்கும்."

தோளில் பிணம், கையில் பை. ஐந்து மைல் நடந்தாள். தெரு ஓடிவந்து மாரடித்தது.

"அழுவுறத அப்புறம் வச்சிக்குங்கடி. புள்ளைங்கள வாயத் தொறக்கச் சொல்லுங்க."

வேம்பைத் தோளிலிருந்து இறக்காமலே வாசல் வாசலாகப் போனாள். வைரக்கண்ணு மகன் கசப்புத் தாங்காமல் மருந்தை அவள் மேலேயே துப்பினான். கண்ணாத்தாள் அவன் தாடையைப் பிடித்து மறுபடியும் ஊற்றினாள்.