மூன்று நிறப் பணிஸும் என் வாயும்

கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று பலகாரம் விற்றவர்களுக்குத் தெரியும்: வாங்க வருகிறவர்களைவிட விசாரிக்க வருகிறவர்கள்தான் அதிகம். நீங்களும் நின்றிருந்தால் என் கஷ்டம் புரியும்.

பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கிறேன். மீதி நேரம் லண்டன் டூட்டிங்கில் சிவா அண்ணையின் கடையில் ரோல்ஸுக்கு வெங்காயம் உரிக்கிறேன். கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய், கார்னிவல். சில ஊர்களில் அன்றைக்கு ஊதா, பச்சை, மஞ்சள் சர்க்கரை தூவிய வளையக் கேக் செய்வார்கள். நம் பணிஸ், அதாவது இனிப்பு பன், மாவையே உருட்டி, பட்டைத்தூள் தூவி, ஆளுக்கொன்றாகக் குட்டி வளையம் சுட்டால் என்ன என்று ஒரு வாரம் வாதாடினேன். அண்ணை களைத்துப்போனார். "ஓம், ஒரு தட்டு செய். அண்டைக்கு நீயே வில். பின்னேரத்துக்குள்ள வித்துட்டா இனி எப்பவும் நீ கவுண்டரில நில். இல்லாட்டி வெங்காயம்தான்."

உள்ளே என்ன?

முதலில் வந்தவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டி, "மீனோ, மட்டனோ?" என்றார். உள்ளே எதுவும் கிடையாது, இது வளையம், வளையம் என்பது ஒரு குறியீடு என்று ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு நாலு மீன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு சொன்னார்:

"நடுவிலயும் ஒண்டும் இல்லை, உள்ளுக்கும் ஒண்டும் இல்லை. பிறகு என்னத்தைப் பிள்ளை விக்கிறியள்?"

செவ்வாய்க்கிழமை

அடுத்து, என் கார்னிவல் விளக்கத்தைக் கேட்ட அம்மா வயது அன்ரி ஒருவர். "நாளைக்கு விரதம் எண்டா இண்டைக்கு ஏன் தின்னுகினம்?" நல்ல கேள்வி! எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. விரதத்துக்கு முன் வீட்டிலுள்ள வெண்ணெய், முட்டை எல்லாவற்றையும் தீர்க்கத்தான் என்று விளக்கினேன்.

"முட்டையோ? இதிலயும் கிடக்கோ?"

பணிஸ் மாவில் கிடையாது. மினுமினுப்புக்காக மேலே பூசியது நான். ஒரு வாரம் கார்னிவல் செவ்வாய், கார்னிவல் செவ்வாய் என்று கத்தியவளுக்கு, செவ்வாயென்றால் எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் முருகனுக்காகச் சைவம் என்பது மட்டும் உறைக்கவில்லை. அந்தத் தட்டைப் பல்கலைக்கழக நண்பர்களுக்கென்று ஒதுக்கிவிட்டு, பால் பூசி வேறொரு தட்டு சுட ஓடினேன். முதுகுக்குப் பின்னால் அன்ரியின் குரல்:

"செவ்வாய்க்கிழமையில முட்டையைப் பூசி வச்சுக்கொண்டு, அதுக்கு விளக்கம் வேற!"

பஸ் வருது

மூன்றாவது ஆள் கிட்டத்தட்ட வாங்கியே விட்டான். இங்கேயே வளர்ந்த பையன், காதில் ஹெட்ஃபோன், கையில் கார்டு. "அக்கா, ரெண்டு தாங்கோ. இது பிரெஞ்சுக் கேக்தானே?"

ஆமா என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் சொல்லியிருப்பீர்கள். எனக்கோ ரத்தம் கொதித்தது. பிரான்சுக்கு மட்டும் எப்படிச் சொந்தமாகும்? ஸ்பெயின் எங்கே போனது? காலனிகள்? அடிமை வணிகம்? சர்க்கரை யார் உழைப்பில் வந்தது? நான் கரும்புத் தோட்டத்தை அடைந்தபோது வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. அவன் கார்டைப் பையில் போட்டான்.

"அக்கா, பஸ் வருது. மிச்சப் பாடத்தைப் பிறகு படிக்கிறன்."

ஒரு பிளேன்டீ

சிவா அண்ணை அதையும் பார்த்துவிட்டார். "பிள்ளை, உள்ள போய் எனக்கொரு பிளேன்டீ போடு." போனேன். தண்ணீர் கொதித்து, தேயிலை ஊறி, கோப்பையோடு வெளியே வந்தால் தட்டில் பச்சைச் சர்க்கரை மட்டும் மிச்சம். என் இடத்தில் நின்ற, கடையில் வேலைசெய்யும் தேவி அக்கா, வந்தவர்களிடமெல்லாம் "புதுசு, முட்டை இல்லை, சாப்பிட்டுப் பாருங்கோ" என்று மட்டும் சொன்னாராம். வரலாறே இல்லாமல்!

ஆனாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே? பின்னேரத்துக்கு முன்பே விற்றாகிவிட்டது, கவுண்டர் எனக்கு என்று வாதத்தை அடுக்கினேன். அண்ணை தேநீரை ஊதிக் குடித்தார்.

"வித்தது உண்மைதான். ஆனா நீ உள்ள நிக்கேக்கதான் வித்தது. அப்ப நீ எங்க நிக்க வேணும்? நீயே சொல்லு."

ஆகவே, சக தொழிலாளர்களே, வெங்காயத்திலிருந்து பேக்கிங் அடுப்புக்குப் பதவி உயர்வு பெற்றுவிட்டேன், எனக்கும் கவுண்டருக்கும் நடுவிலுள்ள கதவைச் சாத்தி வைப்பதுதான் வியாபாரத்துக்கு நல்லது என்ற அண்ணையின் ஒரு கருத்தை மட்டும் இதுவரை என்னால் மறுத்துப் பேச முடியவில்லை.