பார்டருக்கு இந்தாண்ட தீர்ந்த டீசல்

லாரி புக்கிங் தொழிலில் சரக்கு டிரைவரோடு போய்விடும், திட்டு மட்டும் புக்கிங்காரனுக்கே வந்து சேரும். இதில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, ஆந்திரா பக்கத்துப் புத்தூரில் எனக்கு வந்து சேர்ந்ததைக் கேளுங்கள்.

காலி வண்டி வாடகை

மாம்பழக்கூழ் பேக்டரிக்குப் புது மேனேஜர் வந்தார். சென்னைத் துறைமுகத்துக்கு நான் சொன்ன வாடகையைக் கேட்டதும் முகம் சுண்டிப்போச்சு. “சார், திரும்பி வர லோடு கிடைக்காது. அங்கிருந்து நம்ம பக்கம் வர்றது திருமலை பக்தர்கள்தான். அவங்களை டிரெய்லர்ல ஏத்த முடியுமா?” என்றேன். மனிதர் சிரிக்கவில்லை.

“ஏமண்டி, காலியா வர்ற வண்டிக்கும் நானே அழுதா, துறைமுகத்துப் பக்கத்துல இருக்கிற பேக்டரிக்காரன் விலைக்கு நான் எப்படி விக்கிறது?”

ஒத்துக்கொண்டவன்

அவர் குறைத்த வாடகைக்கு யாரும் வரவில்லை. விஜயபுரம் முனுசாமி மட்டும் வந்தான். அவன் நைனா கூலிவேலை செய்து வாங்கிய கழனியை விற்று, மிச்சத்துக்குக் கடன் வாங்கி எடுத்த டிரெய்லர் அது. டியூ தவறினால் வண்டி போய்விடும். “கட்டுப்படியாகாதுடா” என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். தமிழ்நாட்டில் டீசல் விலை குறைவு. அதனால் எங்கள் பக்கத்து டிரைவர்கள் பார்டர் வரைக்கும் போகிற அளவுக்குத்தான் இங்கே டீசல் போடுவார்கள்.

“அந்தாண்ட போய் ரொப்பிக்கினா டியூ கட்டிடலாம்ணா, நீ லோடு மட்டும் குடு.”

நகரி தாண்டி

ஒருநாள் பார்டருக்கு முன்னால் இருக்கிற நகரியில் ஊர்வலம். வண்டிகள் நகரவே இல்லை. ஏற்றின லோடோடு இன்ஜினை அணைத்தால் பழைய பேட்டரி மறுபடி கிளப்பாது என்று பயந்து, ஓடவிட்டே உட்கார்ந்திருக்கிறான் முனுசாமி. ஊர்வலம் கலைந்து கொஞ்ச தூரம் போனதும் டேங்க் வறண்டு, பார்டருக்குக் கூப்பிடு தூரத்தில் வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. கேனில் டீசல் வாங்கி ஊற்றியும் கிளம்பவில்லை, பைப்பில் காற்று புகுந்திருந்தது. மெக்கானிக் வந்து சரிசெய்து, அவன் துறைமுகம் போய்ச் சேருவதற்குள் கூழ் ஏறவேண்டிய கப்பலுக்குச் சரக்கு வாங்குகிற கேட்டை மூடியாச்சு.

பேக்டரி அவன் வண்டிக்கு லோடு கொடுப்பதை நிறுத்திவிட்டது. மேனேஜரிடம் கெஞ்சிப் பார்த்தேன், அவர் போனையே எடுக்கவில்லை. டியூ தவறியது, கடன் கொடுத்தவர்கள் டிரெய்லரை ஓட்டிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு என் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்தவன் டீயைக்கூடத் தொடவில்லை.

“அந்தாண்ட பங்க் போர்டு என் கண்ணுக்குத் தெரிஞ்சிக்கினே இருந்துச்சுண்ணா.”

கடலே இல்லாத ஊரில் பிறந்து, கப்பல் போய்விட்டதே என்று அழுகிற ஜென்மங்கள் எங்களைத் தவிர வேறு யார் இருக்கப்போகிறார்கள்!