வியாழக்கிழமை ஸ்பானிய மணித்தியாலம்

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோ நகர வானொலியில் என் குரல் முதன்முதலாக ஒலித்தது ஸ்பானிய மொழியில். அப்போது எனக்கு ஸ்பானியம் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. காலையில் ஒரு வயதான சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மையாரின், வீட்டில் சமையலும் துப்புரவும் செய்தேன். பின்னேரத்தில் சீசா என்ற பகுதியில் இருந்த ஒரு தனியார் வானொலி நிலையத்தைக் கூட்டித் துடைத்தேன். நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கார் திருத்தும் கடை ஒன்றுக்கு மேலே, இரண்டாம் மாடியில் மூன்று அறைகள். ஒன்றில் ஒலிவாங்கி, அடுத்ததில் முதலாளியின் மேசை, மூன்றாவதில் தொலைபேசியும் காப்பி போடும் இயந்திரமும். சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டைத் தட்டு ஒட்டியிருந்தார்கள். நாள் முழுக்கக் காதல் பாட்டும், கட்டில் மெத்தைக் கடை விளம்பரமும் போய்க்கொண்டிருக்கும்.

வியாழன் மட்டும் நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை ஸ்பானியம். வீட்டு வேலை செய்பவர்களுக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு என்பது அங்கே வழக்கம். லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்து பலேர்மோ வீடுகளில் வேலை பார்த்த பெண்களுக்காக, ஒரு பாதிரியார் கேட்டுக்கொண்டதன் பேரில் முதலாளி அந்த ஒரு மணித்தியாலத்தைக் கொடுத்திருந்தார். அதை நடத்தியவள் பெரு நாட்டுக்காரி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். தன் ஊர் பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவள். எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று பத்து வருடம் சொன்ன குரல் அது. ஒரு சொல்லும் தவறாமல் காதில் விழும். பலேர்மோவில் அவளும் என்னைப் போல ஒரு வீட்டில் வேலை செய்தாள். நாங்கள் இருவரும் கதைத்தது இத்தாலியனில். இருவருடையதும் குறை மொழிதான், ஆனால் குறைகள் வெவ்வேறு இடத்தில் இருந்தபடியால் சமாளித்தோம்.

அவள் ஒலிவாங்கிக்கு முன்னால் இருக்கும்போது தொலைபேசி அடித்தால் எடுக்க ஆளில்லை. ஒரு வியாழன் அது விடாமல் அடித்துக்கொண்டேயிருந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு எடுத்தேன். மறுமுனையில் ஒரு பெண் ஸ்பானியத்தில் படபடவென்று பொரிந்து தள்ளினாள். இத்தாலியனுக்குக் கிட்டத்தான் இருந்தது. பாதி விளங்கியது, மீதியைக் காதில் விழுந்தபடியே எழுதினேன். தமிழ் எழுத்தில். வேறு எந்த எழுத்திலும் எனக்கு அவ்வளவு வேகம் வராது.

பாட்டு ஓடும்போது தாளை நீட்டினேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எழுத்தோ, பின்னல் வேலையோ?"

"எழுத்துத்தான். நான் வாசிக்கிறன், நீ கேள்."

வாசித்தேன். அவள் கண் விரிந்தது. "அவள் சொன்ன மாதிரியே சொல்லுறாய்! மூக்கால கதைக்கிறது கூட அப்பிடியே இருக்கு."

அன்றிலிருந்து வியாழக்கிழமைத் தொலைபேசி என் பொறுப்பு. அறை வாடகைக்கு இருக்கிறது, வேலைக்கு ஆள் தேவை, பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்துக்கு எந்தக் கடதாசிகளைக் கொண்டுபோக வேண்டும், இன்னாரின் அக்கா பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டாள். எல்லாம் என் தமிழ் எழுத்தில் ஏறி, என் வாயால் அவள் காதுக்குப் போய், அவள் குரலில் ஊருக்குப் போகும். கொத்தமல்லி இலை எங்கே கிடைக்கும் என்று கேட்டு மட்டும் வாரத்துக்கு ஒருத்தியாவது அழைப்பாள். சிசிலிக்காரர் அதைத் தொடுவதில்லை. வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஒரு மொரீஷியஸ் தமிழ்ப் பெண் தன் பல்கனிச் சாடிகளில் வளர்த்து விற்பது எனக்குத் தெரியும். அதைச் சொன்னோம். மறுநாளே அவள் சாடிகள் மொட்டையாகிவிட்டன.

பிறகு ஒரு மாசி மாதம் பெருக்காரிக்குத் தடிமன் பிடித்துக் குரல் அடியோடு போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. பாட்டை மட்டும் போட்டுவிட்டுப் போகலாம் என்று சைகையால் சொன்னாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பதினொரு செய்திகள் என் கையில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒருத்தி காத்திருப்பாள்.

"தள்ளு, நான் வாசிக்கிறன்" என்றேன்.

பயமாக இருந்ததா என்று பிற்காலத்தில் பலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. என் குரல் நல்ல குரல் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டிக்கு நான்தான் அறிவிப்பாளர். மொழி தெரியாதது ஒரு குறைதான், ஆனால் எழுத்து என்னுடையது. பதினொன்றையும் நிறுத்தி நிதானமாக வாசித்து முடித்தேன்.

அடுத்த வியாழன் நாலு மணிக்கு முன்னரே தொலைபேசி அடித்தது. பக்கத்து ஊரான பாகெரியாவில் வேலை செய்யும் ஒரு டொமினிக்கன் பெண். அக்கா அனுப்பியதாக வானொலியில் சொன்ன காசு இன்னும் வரவில்லையே, எங்கே போய் எடுக்க வேண்டும் என்று கேட்டாள். நான் பழைய தாளைத் தேடி எடுத்தேன். 'தே மாந்தோ மூச்சோஸ் பேஸோஸ்' என்று எழுதியிருந்தேன். பெருக்காரி அதைக் கேட்டதும் நாற்காலியில் சாய்ந்து, கண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

அக்கா அனுப்பியது முத்தங்கள். நான் வாசித்தது அவர்கள் நாட்டுக் காசு. கடைசிச் சொல்லின் முதல் எழுத்தை மெதுவாகச் சொன்னால் முத்தம், அழுத்திச் சொன்னால் பணம். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ப' தானே? அன்றைக்கே ஒரு வழி பண்ணினேன். மெல்லிய 'ப' என்றால் கீழே ஒரு கோடு. 'த'வுக்கும் 'க'வுக்கும் அப்படியே. அதன் பிறகு அந்தத் தவறு வரவில்லை. ஆனால் நேயர்கள் விடவில்லை. பல மாதங்களுக்கு, அழைப்பவர்கள் எல்லாரும் எனக்கு நிறையக் காசு அனுப்புவதாகச் சொல்லிச் சிரித்துத்தான் தொலைபேசியை வைத்தார்கள்.

என் கணவருக்கு இது ஒன்றும் பிடிபடவில்லை. அவர் துறைமுகத்தில் நேப்பிள்ஸ் போய்வரும் கப்பல்களின் அறைகளைக் கழுவும் வேலை செய்தார்.

"உமக்கென்ன விசரே? தெரியாத பாஷையிலை ரேடியோவிலை கதைக்கிறீர். ஆரும் பிழை பிடிச்சால்?"

"பிடிச்சவை. திருத்திப்போட்டன். இப்ப ஒரு பிழையும் இல்லை."

"அவையளுக்கு நீர் ஆரெண்டு தெரியுமோ?"

"இலங்கையெண்டு சொன்னனான். அது பெருவுக்கு எந்தப் பக்கமெண்டு ஒருத்தி கேட்டவள்."

அவர் சிரித்துவிட்டார். அடுத்த வியாழனில் இருந்து கப்பலில் ஒரு சின்ன வானொலிப் பெட்டியை வைத்துக் கேட்கத் தொடங்கினார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த வசந்த காலத்தில் முதலாளி எங்கள் இருவரையும் மேசைக்கு அழைத்தார். சீட்டுப் பார்த்துக் குறி சொல்லும் ஒருவன் வியாழன் நாலு மணியைக் கேட்கிறானாம். அந்தக் காலத்தில் இத்தாலி வானொலிகளில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

"உங்களை ஆர் கேக்கினம்? ஒரு மணித்தியாலத்திலை போன் பதினைஞ்சு தரம் கூட அடிக்குதில்லை. அவன்ரை நிகழ்ச்சிக்கு ஓயாமல் அடிக்கும்" என்றார்.

பெருக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் கோபம் வந்தது.

"போன் எப்பிடி அடிக்கும்? நான் வேலை செய்யிற வீட்டிலை எண் சுத்துற வட்டத்திலை பூட்டுப் போட்டிருக்கு. திறப்பு சிஞ்ஞோராவின்ரை கழுத்திலை. முக்காவாசி வீட்டிலையும் அப்பிடித்தான்."

அவர் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார். பிறகு, "என்ரை அம்மா வீட்டிலையும் பூட்டு இருக்கு. நான்தான் போட்டனான்" என்று ஒத்துக்கொண்டார். நேர்மையான மனிதர்தான். ஆனால் வியாபாரி. "மாத முடிவுக்குள்ளை எனக்கு ஆக்களைக் காட்டுங்கோ. காட்டினால் யோசிப்பம்."

படியிறங்கும்போது பெருக்காரி முடிந்தது என்றாள். பாதிப் பேருக்கு வியாழன் ஓய்வு என்பதெல்லாம் பேச்சில் மட்டும்தான். வயதானவர்களைத் தனியே விட்டுவிட்டு அவர்களால் வெளியே வர முடியாது. சமையலறையில் நின்றபடிதான் கேட்கிறார்கள். அவர்களை எப்படி முதலாளிக்குக் காட்டுவது?

"வேலையை விட்டிட்டு வரேலாதெண்டால், வேலையையும் கூட்டிக்கொண்டு வரட்டும்" என்றேன்.

அவள் நின்று என்னைப் பார்த்தாள். "கிழவியளையோ?"

"ஓம். நல்ல வெயில் காலம். டாக்டரும் நடக்கச் சொல்லித்தானே இருப்பார்."

மூன்று வாரம் அதையே அறிவித்தோம். கடைசி வியாழன் நாலு மணிக்கு நிலையத்துக்கு வாருங்கள், தனியே வர முடியாதவர்கள் உங்கள் சிஞ்ஞோராவோடு வாருங்கள். எழுதிக்கொடுத்தவள் அவள். வாசித்தவள் நான், ஏனென்றால் அவளுக்கு அந்த வரியை வாசிக்க மனமில்லை. கெஞ்சுவது போல இருக்கிறது என்றாள். நான் கெஞ்சவில்லை. கல்யாண வீட்டுக்கு அழைப்பது போல வாசித்தேன்.

அந்த வியாழன் மூன்றரைக்கே நான் சன்னலில் நின்றேன். முதலில் ஒருவரும் இல்லை. கார் கடைக்காரர் மட்டும் ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனார். பிறகு தெருமுனையில், ஒரு பெண் தள்ளிவந்த சக்கர நாற்காலி திரும்பியது. அதன் பின்னால் கைத்தடியுடன் ஒரு கிழவியும், அவர் கையைப் பிடித்தபடி ஓர் எக்குவடோர் பெண்ணும். நகர பஸ் ஒன்று நின்றபோது அதிலிருந்து ஒரு கூட்டமே இறங்கியது. கறுப்பு உடுப்புப் போட்ட சிஞ்ஞோராக்கள், ஒரு தள்ளுவண்டிக் குழந்தை, ஒரு நாய். சில கிழவிகள் உதட்டுக்குச் சாயம் கூடப் பூசியிருந்தார்கள். நாலு மணிக்குக் கார் கடைக்குள் கார் போக வழியில்லை. கடைக்காரர் திட்டிக்கொண்டே உள்ளேயிருந்த நாற்காலிகளை எல்லாம் வெளியே கொண்டுவந்து போட்டார். எதிரே இருந்த முடிதிருத்தும் கடையிலிருந்தும் வந்தன.

இரண்டு மாடி ஏற அவர்களால் முடியாது. முதலாளிதான் கீழே இறங்கி வரவேண்டியிருந்தது. அவர் வாசலில் கால் வைத்ததும் சக்கர நாற்காலியில் இருந்த அம்மையார் விரலை நீட்டினார்.

"நீயோ இந்த ரேடியோவை நடத்திறனி?"

"ஓம், சிஞ்ஞோரா."

"வியாழக்கிழமை நாலு மணிக்கு இந்தப் பிள்ளை பாட்டுக் கேட்டுக்கொண்டு சமைக்கிறாள். அண்டைக்குத்தான் சாப்பாடு வாய்க்கு ருசியா இருக்கு. எனக்கும் அந்தப் பாஷை அரைவாசி விளங்குது. அதை நிப்பாட்டினால் நான் ஒவ்வொரு நாளும் இஞ்சை வந்து இருப்பன். எனக்கு வேறை வேலை இல்லை."

மற்றக் கிழவிகள் கை தட்டினார்கள். ஒருவர் எழுந்து, தனக்குப் பாடமாகியிருந்த ஒரு ஸ்பானியப் பாட்டின் இரண்டு வரியைப் பாடிக் காட்டினார். சொற்கள் எல்லாம் பிழை. நான் திருத்தவில்லை. பெருக்காரி மேலே ஒலிவாங்கிக்கு முன்னால் தனியே இருந்தாள். சன்னலைத் திறந்து, ஒலிவாங்கியைக் கம்பி எட்டும் வரை வெளியே நீட்டினாள். தெருச் சத்தம் அப்படியே வானொலியில் போனது. வர முடியாமல் வீடுகளில் நின்றவர்கள் அதைக் கேட்டு அழுதார்களாம். அதையும் அடுத்தடுத்த வாரங்களில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தேன்.

முதலாளி உருகிவிட்டார் என்று சொன்னால் பொய். அவர் கூட்டத்தைக் கணக்கெடுப்பவர் போலப் பார்த்துக்கொண்டு நின்றார். "இவையள்தானே கட்டிலும் மெத்தையும் வாங்கிற ஆக்கள்" என்று மெல்லச் சொன்னார். மாத முடிவில் மெத்தைக் கடை விளம்பரத்தில் இரண்டு வரி ஸ்பானியத்தில் வந்தது. குறி சொல்பவனுக்குச் செவ்வாய்க்கிழமை கிடைத்தது.

கூட்டம் வந்த அன்றே, படியைக் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் அவர் கேட்டார்.

"உங்கட ஆக்களும் இப்பிடி வருவினமோ?"

"ஓம். இதைவிடக் கூட வருவினம்."

யாரையும் கேட்காமல்தான் சொன்னேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு அரை மணித்தியாலம் தமிழுக்கு என்றார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, எந்த ஞாயிறிலிருந்து என்று கேட்டேன்.

வீட்டில் சொன்னபோது கணவர் சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்தார். "என்னத்தை வாசிக்கப் போறீர்?" என்றார். அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஸ்பானியத்தில் நான் வெறும் குரல். தமிழில் கேட்பவர்கள் என்னைத் தெரிந்தவர்கள். என் உச்சரிப்புக்கும் நியாயம் கேட்பார்கள், நான் உடுத்த சேலைக்கும் கேட்பார்கள். அந்த ஒரு கிழமை மட்டும் வெறும் வணக்கத்தைக் கூடக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகினேன்.

ஞாயிறு வந்தது. பெருக்காரி தன் ஓய்வு நாளை விட்டுவிட்டு வந்து தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தாள். இந்த முறை எழுதுவது தன் முறை என்றாள். நான் வணக்கம் சொல்லிவிட்டு, குவெஸ்தூராவில் அந்த வாரம் கேட்கும் கடதாசிகளின் பட்டியலை வாசித்தேன். பிறகு இரண்டு வாடகை அறை, மொரீஷியஸ்காரரின் கோயிலில் பூசை நேரம், ஒரு கைக்குழந்தையைப் பகலில் பார்க்க ஆள் தேவை. அவ்வளவுதான். ஐந்தாவது நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. அவள் காதைக் கொடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ரோமன் எழுத்தில் வேர்க்க விறுவிறுக்க எழுதினாள். பாட்டுப் போனபோது தாளைத் தூக்கிப் பிடித்து வாசித்துக் காட்டினாள். ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடவில்லை.

"ரேடியோவிலை இன்னொருக்கா அடிக்கச் சொல்லுறன்" என்றேன்.

அதற்குள் தொலைபேசி மறுபடி அடிக்கத் தொடங்கியிருந்தது.