நட்சத்திரம் போன வழி

எங்கள் பங்குக் கோயிலில், நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ராஜாக்களின் திருநாளன்று பிரசங்கம் வருஷா வருஷம் ஒன்றுதான். ஆண்டவர் தன்னைக் காட்டியது ஊர்ப் பெரிய மனிதர்களுக்கல்ல, எங்கிருந்தோ வந்த அந்நியர்களுக்கு. அவர் முன்னால் உள்ளாள் வெளியாள் கிடையாது. முதல் பெஞ்சில் உட்கார்ந்து இதற்குத் தலையாட்டுவார் பங்குப் பேரவைத் தலைவர். சாயங்காலப் பவனியில் பொன் கொண்டுவரும் ராஜாவும் அவர்தான்.

ராஜாக்கள் கிழக்கிலிருந்து வர வேண்டும் என்பதால் பவனி வாய்க்கால் கரையில் புறப்படும். அங்கிருந்து கோயிலுக்கு நேர்வழி எங்கள் கீழத்தெரு. ஆனாலும் பவனி அதற்குள் நுழையாது, தார் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போகும். எங்கள் ஆட்களுக்கு ஒரே ஒரு வேலை உண்டு, முன்னால் நட்சத்திரம் தூக்குவது. அதைக் கட்டிய மூங்கில் அவ்வளவு கனம்.

இதெல்லாம் எனக்குப் பழகிப்போயிருந்தது. பழகாத ஒன்று அந்தக் கிறிஸ்துமஸில் நடந்தது. பாலன் இயேசு சுரூபத்தின் பாதத்தில் உதடு வைத்து முத்தி செய்ய அம்மா வரிசையின் கடைசியில் நின்றாள். அவள் குனிந்தபோது, சுரூபத்தை ஏந்தி நின்ற தலைவர் அதைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். "தொடாம கும்பிட்டுட்டுப் போ" என்றார். அம்மா வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். இந்த ஆளை அவள் வாசலில் மண்டியிட வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

திருச்சியில் பேங்க் வேலையில் இருக்கும் நான், நட்சத்திரம் தூக்க வலியப் போய்க் கேட்டேன். ஆபீசருக்கு வந்த ஆசையைப் பார் என்று தலைவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். திருநாளன்று மத்தியானம் எங்கள் வாசலில் சின்னதாய் ஒரு கிறிஸ்துமஸ் குடில் வைத்தேன். அதன் முன்னால் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கினேன்.

பவனி ரோட்டுக்குத் திரும்பும் முனையில், நான் நேராக எங்கள் தெருவுக்குள் நடந்தேன். பின்னால் ஜிகினாக் கிரீடத்தோடு வந்த தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "எங்கடா போற?" என்றார்.

"நட்சத்திரம் போற வழியிலதானங்க ராஜா வரணும்."

அவரால் திரும்ப முடியவில்லை. புதிதாக மாற்றலாகி வந்திருந்த பங்குச் சாமியார் பாடகர்களோடு பாடிக்கொண்டே பின்னால் வந்தார். ஊரே செல்போனில் படம் எடுத்தது. குடிலுக்கு மேல் நட்சத்திரத்தை நிறுத்தினேன். இதுவும் ஏற்பாடுதான் என்று நினைத்த சாமியார், ராஜாக்கள் மண்டியிடட்டும் என்றார். பட்டு அங்கி சேற்றில் புதைய, தலைவர் மண்டியிட்டார்.

பாட்டு முடிந்தது. நட்சத்திரம் நகர்ந்தால்தான் ராஜாக்கள் எழுந்திருக்கலாம். நான் நகரவில்லை.

அம்மா என் பக்கத்தில் வந்து, "போதும்டா, அவுங்களுக்கு முட்டி வலிக்கும்" என்றாள்.

இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றேன். பிறகு பாடகர்களைப் பார்த்து, பாட்டை முதல் அடியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொன்னேன்.