மேஜர் கொடுக்காத கவர்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். மேஜர் சாகும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

போரில் அடிபட்டவர்களைத் தூக்கி வரும் ஹெலிகாப்டரில் நான் மருத்துவ உதவியாளன். எங்கள் விமானியைப் பெரியவர் என்போம், துணை விமானியைச் சின்னவர் என்போம். அன்று பள்ளத்தாக்கில் குண்டு மழை. அதற்குள் பெரியவர் இரண்டு முறை இறங்கி, பதினொரு பேரைத் தூக்கி வந்தார். நாலு பேர் மிச்சம். முன்கண்ணாடி முழுக்க ஓட்டை. சின்னவர் தயங்கினார்.

“அவங்கள விட்டுட்டு வந்தா சோறு எறங்காதுடா” என்றார் பெரியவர்.

பீரங்கிகளுக்குப் பொறுப்பான மேஜர் ரேடியோவில் வாக்குக் கொடுத்தார். “தைரியமா போ. நீ ஏறுற வரைக்கும் எதிரிமேல பீரங்கியால சுட்டு கவர் குடுக்கறேன். ஒருத்தனும் தலையத் தூக்க மாட்டான்.”

போனோம். இறங்கினோம். எங்கள் பீரங்கி ஒன்றுகூட முழங்கவில்லை.

“கவர் எங்க?” என்று பெரியவர் ரேடியோவில் கத்தினார். மறு வார்த்தை வருமுன் கழுத்தில் தோட்டா. என் மடியில்தான் உயிர் போனது. சின்னவர் எப்படியோ வண்டியைக் கிளப்பி எங்களைக் கொண்டுவந்து சேர்த்தார். அந்த நாலு பேரும் அங்கேயே கிடந்து, ரத்தம் போய்ச் செத்தார்கள்.

விசாரணையில் மேஜர், பெரியவர் தன்னைக் கேட்காமலே போனதாகப் பச்சைப் பொய் சொன்னார். நாங்கள் சொன்னது எடுபடவில்லை. வெளியே வந்தவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். “செத்தவன் சாட்சி சொல்லவா வரப்போறான்?”

சின்னவர் என் சட்டையைப் பிடித்து இழுக்காமல் இருந்திருந்தால், அங்கேயே மேஜர் குரல்வளையைக் கடித்திருப்பேன்.

அடுத்த மாதம், மழை பெய்த ஒரு மாலை. மேஜரை வேறு முகாமில் கொண்டுபோய் விடச் சொன்னார்கள். ஓட்டியது சின்னவர். பின்னால் நானும் மேஜரும். எதிரே நாலு ஸ்ட்ரெச்சர், காலியாக.

அந்தப் பள்ளத்தாக்கின் மேல் வந்ததும் வண்டி சட்டென்று தாழ்ந்தது. எஞ்சின் முக்கி முனகியது.

“பின்னாடி என்னடா ஏத்துன? இவ்ளோ கனமா இருக்கு!” சின்னவர் கேட்டார்.

“ஒண்ணுமில்லையே...”

திரும்பினேன். ஸ்ட்ரெச்சர் துணி தொய்ந்திருந்தது. ஆள் படுத்தால் தொய்வதுபோல.

ஒன்று... இரண்டு...

நாலும்.

ஹெட்செட்டில் கர்ர்ர் என்று இரைச்சல். பிறகு ஒரு குரல்.

“கவர் எங்க?”

மேஜர் ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தார். எறிந்த பிறகும் காதைப் பொத்தினார்.

“குடுத்துர்றேன்... இப்பவே குடுத்துர்றேன்...” மூலையில் ஒடுங்கினார். “தள்ளிப் படுங்கடா! மேல விழாதீங்க!”

கையைப் பிடித்தேன்.

பனிக்கட்டி.

நாடி... மெல்ல... இன்னும் மெல்ல...

“தண்ணி...”

நின்றுவிட்டது.

நெஞ்சை அமுக்கிப் பார்த்தேன். அது என் வேலை. மனம் மட்டும் அசையவில்லை.

வண்டி லேசாகி மேலே எழும்பியது.

மறுநாள், பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் என்னைக் கூப்பிட்டுத் திட்டினார்.

“பல மணி நேரம் ரத்தம் போய்த்தான் செத்திருக்காரு. உடம்புல சொட்டு ரத்தம் இல்ல. ஏன் இவ்ளோ லேட்டா கொண்டாந்தீங்க?”

“கால் மணி நேரத்துல கொண்டாந்துட்டோம் சார். ஏறும்போது நல்லாத்தான் இருந்தாரு. எங்க அடி பட்டிருக்கு?”

டாக்டர் என்னை மேஜரின் உடலருகே கூட்டிப்போனார். துணியை விலக்கினார். தலை முதல் கால் வரை பார்த்தேன். புரட்டியும் பார்த்தேன்.

ஒரு கீறல்கூட இல்லை.