குரல் இல்லாமல் இருந்த மாதங்கள்

கழுத்தில் இருந்த கட்டியை எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, நான் கல்கத்தாவில், ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தேன். பழைய வங்காள அச்சுப் பக்கங்களைக் கம்ப்யூட்டருக்குப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது என் வேலை.

"குரல் நரம்பு கட்டியை ஒட்டியே போகுது. கொஞ்ச நாளைக்குக் குரல் போகலாம். சிலருக்குத் திரும்பாமலும் இருந்திருக்கு" என்றார்.

லேபில் என் பக்கத்து மேஜை சீனியரிடம் மட்டும் இதைச் சொன்னேன். வங்காளத்தில் அக்காவுக்குத் தீதி; அவளை அப்படித்தான் கூப்பிடுவேன். எழுதியதை இயந்திரம் பேசும்படி செய்வது அவளுடைய ஆராய்ச்சி. அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"நாளைக்குக் காலையில சீக்கிரம் வா. உன் குரலைப் பதிவு பண்ணணும்" என்றாள் வங்காளத்தில்.

பழைய சாமான் போட்டு வைக்கும் அறையில், சுவரெல்லாம் ரஜாய் என்கிற கனத்த பஞ்சுப் போர்வைகளைத் தொங்கவிட்டு அவள் ஒரு பதிவுக்கூடம் செய்து வைத்திருந்தாள். ஃபேன் போட்டால் சத்தம் விழும். கல்கத்தாப் புழுக்கத்தில் வியர்வை வழிய வழிய, சில நாள் வங்காளத்திலும் இங்கிலீஷிலும் வாசித்துத் தள்ளினேன்.

"இப்போ தமிழ்" என்றாள் தீதி.

அப்போது எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். பள்ளிக்கூடமெல்லாம் இங்கேதான். "தமிழ் எதுக்கு தீதி? இங்கே யார் கேட்கப் போறா?"

"உங்க அம்மா இல்லையா?"

படிக்க வராவிட்டால் பேசு என்று போனைக் கையில் கொடுத்தாள். டாலிகஞ்சில் வீட்டிலிருந்த அம்மாவைக் கூப்பிட்டேன். என்ன சமையல், பால் வந்ததா, மேல்வீட்டுக்காரர்கள் ஊரிலிருந்து திரும்பிவிட்டார்களா என்று கேட்டுக்கொண்டே போனேன். "என்னடி இன்னிக்கு இவ்ளோ கரிசனம்?" என்றாள் அம்மா. தீதி என் பேச்சை மட்டும் பதிவு செய்துகொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. குக்கர் சத்தத்தில் அம்மாவுக்கு அதுவும் கேட்காது. டம்ளரில் ஸ்பூனால் தட்டிக் கூப்பிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தீதி லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தாள். நான் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தேன். "அம்மா, எனக்குக் கொஞ்சம் காபி வேணும்" என்றது லேப்டாப்.

சமையலறையிலிருந்து வந்த அம்மா லேப்டாப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "உன் குரல்தான். ஆனா நீ எங்கடி இவ்ளோ நிதானமாப் பேசுவே?"

அம்மா சிரித்ததில் தீதிக்கு முகம் வாடிவிட்டது. "என்ன தப்பு, மாஷிமா?" என்று அம்மாவைப் பெரியம்மா முறை வைத்து வங்காளத்தில் கேட்டாள். "சொல்லுங்க, சரி பண்றேன்."

அம்மாவின் வங்காளம் மார்க்கெட்டில் பேரம் பேசுகிற அளவுக்குத்தான். அதனால் பேசியே காட்டிவிட்டாள். மூக்கைச் சுருக்கி, "அம்மாஆ" என்று இழுத்து, கடைசி வார்த்தையைப் பாதியில் விழுங்கி, அப்படியே என்னை மாதிரி. எனக்கே வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் வந்தாள் தீதி. ஒரு வார்த்தை தமிழ் தெரியாதவள், அம்மா தலையை ஆட்டும்வரை அந்த இழுப்பைத் திருத்திக்கொண்டே இருந்தாள். அவர்கள் வேலை செய்யும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ் வாசிக்கப் பழகினேன். இன்று இதை எழுத முடிவது அதனால்தான்.

ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் எல்லோர் எதிரிலும் பேசியாக வேண்டும். தள்ளிப்போடலாம் என்று என் ஆய்வு வழிகாட்டியான சார் சொன்னார், நான் மாட்டேன் என்றேன். பேச்சை லேப்டாப் பேசியது. கேள்விகள் வந்தபோதுதான் சிரமம். ஒவ்வொரு பதிலையும் அடிக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர், பாதி அடிக்கும்போதே, "ஓ, நீங்க சொல்ல வர்றது..." என்று ஆரம்பித்தார்.

"அவள் முடிக்கட்டும்" என்றார் சார்.

அறை காத்திருந்தது. யாரும் போனைப் பார்க்கவில்லை, நாற்காலியை இழுக்கவில்லை. என் விரல்கள் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இயந்திரக் குரலுக்கு நான் பட்ட கடன் பெரிது. அந்தக் காத்திருப்புக்குப் பட்டது அதைவிடப் பெரிது என்று இப்போது தோன்றுகிறது.

துர்கா பூஜைக்குப் பந்தல் கட்ட மூங்கில் இறக்கிக்கொண்டிருந்த நாட்களில், டாலிகஞ்ச் மெட்ரோ வாசலில் ஒரு ஆட்டோ என்னைத் தாண்டிப் போனது. யோசிக்காமல் "ஜாதவ்பூர்!" என்று கத்தினேன். கரகரவென்று ஏதோ வந்தது. ஆட்டோ நின்றது.

ஏறி உட்கார்ந்ததும் தீதிக்குப் போன் செய்தேன். "யார் பேசறது?" என்றாள். நான்தான் என்றேன். உடனே லேபில் இருந்த எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, "பேசு, பேசு" என்றாள்.

என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஆட்டோ நெரிசலில் நிற்கிறது, வர நேரமாகும் என்றேன். அதற்குக் கைதட்டினார்கள்.